கணக்குகளையும் கணினியையும் காக்கும் கருவிகள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

கடவுச்சொல் மேலாளர், இருபடிச் சரிபார்ப்புச் செயலி, யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர், நிர்வாக உரிமை இல்லாத பயனர் கணக்கு, வெளி வன்தட்டில் காப்புநகல் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இவற்றின் வசதிகள் மட்டுமே தெரியும். எந்தக் கருவி நம் அன்றாடத்தோடு ஒட்டிப்போகிறது, எது சில மாதங்களில் அணைத்து வைக்கப்படுகிறது என்பது நீண்ட பயன்பாட்டில்தான் தெரியவருகிறது. ஒவ்வொன்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடுகிறேன்: நான் களைத்திருக்கும்போதும் அவசரத்தில் இருக்கும்போதும் அந்தக் கருவி என்ன செய்கிறது? ஏமாற்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்த வேளையைத்தான்.

எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைத்து, உரிய தளத்தில் தானே நிரப்பும் நிரலான கடவுச்சொல் மேலாளரிலிருந்து தொடங்குகிறேன். 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட கடவுச்சொல் பட்டியல் 2016இல் முழு அளவில் வெளிச்சந்தைக்கு வந்தபோது அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் இருந்தன. இப்படி வெளியான மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் வேறு நூற்றுக்கணக்கான தளங்களில் தானியங்கியாகப் போட்டுப் பார்ப்பதே இன்று கணக்குகள் பறிபோகும் மிக எளிய வழி. ஒரு தளத்துக்கு ஒரு கடவுச்சொல் என்ற ஒழுங்கை நினைவாற்றலால் காப்பாற்ற முடியாது என்பதால் மேலாளர் கட்டாயத் தேவையாகிறது. முதலில் கீபாஸ் வகை மேலாளரைப் பயன்படுத்தினேன். எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே மறையாக்கக் கோப்பில் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட கோப்பில்), என் கணினியிலேயே இருந்தன. மனநிறைவு தந்த ஏற்பாடு அது; ஆனால் தொலைபேசிக்கும் கணினிக்கும் இடையே அந்தக் கோப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நாளடைவில் சுமையானது. பிறகு பிட்வார்டனுக்கு மாறினேன். மறையாக்கம் நம் கருவியிலேயே நடந்த பின்னரே தரவு அவர்களுடைய வழங்கிக்கு (சர்வருக்கு) செல்கிறது, மூலநிரலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பவை என் காரணங்கள்.

வழங்கியில் வைப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் மேலாளர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் மறையாக்கப் பெட்டகங்களே நகலெடுக்கப்பட்டன. அவற்றில் தள முகவரிகள் மறையாக்கம் செய்யப்படாமலே இருந்தன. அந்நிலையில் ஒருவரைக் காத்து நின்றது, பெட்டகத்தைத் திறக்கும் அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லின் நீளமும், ஒவ்வோர் ஊகத்தையும் சோதித்துப் பார்க்கக் கணினி செய்ய வேண்டியிருந்த கணக்கீட்டின் அளவும்தான். ஆகவே முதன்மைக் கடவுச்சொல்லுக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு தமிழ்ச் சொற்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆங்கில எழுத்துகளில் எழுதும் வழக்கத்தை வைத்திருக்கிறேன். பலரும் அறிந்த செய்யுள் அடியோ பாட்டு வரியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கு உதவாது. அத்தகைய வரிகளைத் தொகுத்து வைத்துச் சோதிப்பது தாக்குபவர்களுக்கு எளிது.

மேலாளரின் பெரும்பயன் நினைவில் வைத்துக்கொள்வது அன்று என்பதைப் பயன்பாட்டில்தான் உணர்ந்தேன். ஒரு மாலையில், சேமிப்பிடம் நிரம்பிவிட்டதாகவும் உடனே உள்நுழைய வேண்டும் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இணைப்பைத் தொட்டதும் திறந்த பக்கத்தில் நிறமும் சின்னமும் எழுத்துருவும் நான் அன்றாடம் பார்க்கும் பக்கத்தில் இருப்பவைபோலவே இருந்தன. ஆனால் வழக்கமாகத் தானே நிரம்பும் கடவுச்சொல் பெட்டி காலியாக நின்றது. முகவரிப் பட்டையை உருப்பெருக்கிப் பார்த்தபோது, பெயரில் 'எம்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் நெருக்கமாக நின்று 'எம்' போலவே தோற்றமளித்தன. கண் அதை ஒன்றாகவே படித்தது. மேலாளர் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டதால் அதற்கு அது வேறு தளம். அன்றிலிருந்து பெட்டி நிரம்பவில்லை என்றால் கடவுச்சொல்லைக் கையால் நகலெடுத்து ஒட்டுவதில்லை, ஏன் நிரம்பவில்லை என்று முதலில் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் மேலாளர் தரும் பாதுகாப்பில் பாதி வீணாகிவிடும்.

கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பில் எல்லா முறைகளும் ஒரே தரத்தவை அல்ல. குறுஞ்செய்தியில் வரும் எண், ஒன்றுமே இல்லாததைவிட மேல், அவ்வளவே. கைப்பேசி எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றச் செய்து கணக்கைக் கைப்பற்றும் உத்தி 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் கணக்கிலேயே கைகொடுத்தது. செயலி உருவாக்கும் ஆறிலக்க எண் அதைவிட உறுதியானது. தளமும் நம் தொலைபேசியும் ஒரே இரகசியத்தையும் ஒரே நேரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒருமுறை எண்ணைக் கணக்கிடுகின்றன. தொலைபேசியின் கடிகாரம் பிசகினால் சரியான எண்ணும் ஏற்கப்படாது என்பது இதன் விளைவு. நேரத்தைத் தானியங்கி அமைப்பில் வைத்தால் தீர்ந்துவிடும். தொலைபேசியை மாற்றும்போதுதான் உண்மையான சிரமம் வருகிறது. மறையாக்கத்துடன் ஏற்றுமதி செய்ய இடம்தரும் ஏஜிஸ் போன்ற செயலியைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். எனினும் போலிப் பக்கம் ஒன்று நம்மிடம் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே வினாடியில் உண்மைத் தளத்தில் உள்ளிட்டால் இந்த எண்ணாலும் தடுக்க இயலாது. களைப்பு வேளைச் சோதனையில் இது தேறவில்லை.

அதில் முழுமையாகத் தேறியது, கணினியில் செருகி உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவியான பாதுகாப்புச் சாவி மட்டுமே. சாவி தரும் மின்னணுக் கையொப்பத்தில் உலாவி காணும் தள முகவரியும் சேர்ந்தே இருப்பதால், போலித் தளத்துக்காக வாங்கப்பட்ட கையொப்பம் உண்மைத் தளத்தில் செல்லாது. நான் முழுவதும் ஏமாந்திருந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் நிறுவனம் 2017இல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலைக் கணக்கு ஒன்றுகூடப் பறிபோனதாக உறுதிப்படவில்லை என்று 2018இல் தெரிவித்தது. இரண்டு சாவிகள் வைத்திருக்கிறேன். ஒன்று கையில், மற்றொன்று வேறோர் இடத்தில். குறைகளையும் சொல்ல வேண்டும். மாற்றுச் சாவியை ஒவ்வொரு தளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சில தளங்கள் ஒரு சாவியை மட்டுமே ஏற்கின்றன. என்னை உண்மையில் வருத்துவது, சாவியைப் பதிவு செய்த பின்னும் 'வேறு வழியில் உள்நுழைக' என்று குறுஞ்செய்தி வழியைத் திறந்தே வைத்திருக்கும் தளங்கள்தாம். முன்வாசலை எவ்வளவு உறுதியாகப் பூட்டினாலும் கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. முடிந்த தளங்களில் எல்லாம் அந்த மாற்றுவழியை அமைப்புகளில் சென்று நீக்கிவிட்டேன். 2022க்குப் பிறகு பரவிய கடவுச்சாவி, அதாவது பாஸ்கீ, இதே அடிப்படையில் தனிக் கருவி வாங்காமலே இயங்குகிறது. பெரும்பாலானோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஒரு நிறுவனத்தின் கணக்கில் சேமித்தவற்றை இன்னொன்றுக்கு மாற்றுவது இன்னும் இலகுவாகவில்லை என்பதால், என் கடவுச்சாவிகளை மேலாளரிலேயே வைத்துக்கொள்கிறேன்.

கணக்கை எவ்வளவு பூட்டினாலும் கணினியில் தீய கோப்பு ஒன்று ஓடிவிட்டால் நிலைமை வேறு. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் கைப்பற்றப்பட்டது அப்படித்தான். விளம்பர ஒப்பந்தம்போல் வந்த, பிடிஎஃப் எனத் தோன்றிய கோப்பைப் பணியாளர் ஒருவர் திறந்ததும், உலாவி சேமித்து வைத்திருந்த அமர்வுக் குக்கீகள் திருடப்பட்டன. குக்கீ என்பது ஏற்கெனவே உள்நுழைந்துவிட்டதற்கான அடையாளச் சீட்டு. அதை எடுத்துச் செல்பவரிடம் கடவுச்சொல்லும் கேட்கப்படாது, இரண்டாம் படியும் கேட்கப்படாது. இத்தகைய ஐயம் எழும்போது கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேறொரு தூய கணினியிலிருந்து மாற்றுவதும், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எனவே புதிய கணினியில் நான் முதலில் மாற்றுவது, கோப்பு நீட்டிப்புகளை, அதாவது பெயரின் இறுதியில் கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகளை, காட்டும் அமைப்பை. 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ஐலவ்யூ புழு, பெயரின் நடுவில் 'டிஎக்ஸ்டி' என்றும் இறுதியில், இயங்கும் நிரலைக் குறிக்கும் 'விபிஎஸ்' என்றும் இரண்டு நீட்டிப்புகளைக் கொண்டிருந்தது. விண்டோஸ் இறுதி நீட்டிப்பை மறைத்ததால் அது சாதாரண உரைக்கோப்பாகத் தெரிந்தது. இன்றும் விண்டோஸ் அதே மறைப்பை இயல்பாக வைத்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கோப்பின் சின்னத்தையும் நம்பக் கூடாது, அதை உருவாக்கியவர் விரும்பிய படத்தை அதில் ஒட்ட முடியும். 2022இல் இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளில் மேக்ரோக்களை (கோப்புக்குள் பொதிந்த சிறு நிரல்களை) மைக்ரோசாஃப்ட் இயல்பாகத் தடுத்த பின், தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ வட்டுப் படிமங்கள், குறுக்குவழிக் கோப்புகள், ஒன்நோட் கோப்புகள் என்று இடம்பெயர்ந்தார்கள். கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் ஒரே மின்னஞ்சலில் வந்தால் நான் திறப்பதே இல்லை. அந்தப் பூட்டு பெறுபவரிடமிருந்து எதையும் மறைக்கவில்லை. வழியில் சோதிக்கும் வைரஸ் எதிர்ப்பு நிரலிடமிருந்து மட்டுமே மறைக்கிறது.

முன்பு கட்டண வைரஸ் எதிர்ப்பு நிரல் ஒன்றை வைத்திருந்தேன். ஓயாமல் புதுப்பிப்பு விளம்பரங்களைக் காட்டியதால், எது எச்சரிக்கை, எது விற்பனை என்று பிரித்தறிவதே கடினமாயிற்று. அதை நீக்கிவிட்டு டிஃபெண்டரோடு இருக்கிறேன். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள கோப்புறையை நகலெடுக்கும்போது வேகம் குறைகிறது என்பதைத் தவிர அதன்மீது பெரிய குறை இல்லை. 2017இல் சேர்க்கப்பட்ட, குறிப்பிட்ட கோப்புறைகளை அறியாத நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் வசதி தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கும். நல்ல நிரல்களும் தடுக்கப்பட்டு, ஒவ்வொன்றாக அனுமதி தர வேண்டியிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு, படங்களும் ஆவணங்களும் உள்ள கோப்புறைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஐயமான கோப்பை, பல வைரஸ் எதிர்ப்பு நிரல்களால் ஒருசேரச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் சோதிப்பது பயனுள்ளது. ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு பல பாதுகாப்பு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் என்பதால், தனிப்பட்ட ஆவணங்களை ஏற்றாமல் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்ணை) கணக்கிட்டுத் தேடுவதே நல்லது. எந்த நிரலும் குறை காணவில்லை என்ற முடிவு, நேற்றுப் பிறந்த தீநிரலின் விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை.

அன்றாட வேலைக்கு நிர்வாக உரிமை இல்லாத கணக்கைப் பயன்படுத்துவது மிகக் குறைந்த செலவில் நல்ல பலன் தந்த மாற்றம். ஏதேனும் ஒரு நிரல் கணினி முழுவதையும் தொட முனைந்தால் வேறொரு கடவுச்சொல் கேட்கப்படும்; கேட்கப்படும் அந்த நொடியில் கை நிற்கிறது. எனினும் அதே கணக்கில் உள்ள ஆவணங்களையும் உலாவிக் குக்கீகளையும் அது காப்பதில்லை. உலாவியில் யூபிளாக் ஆரிஜின் வகை விளம்பரத் தடுப்பானை நான் பாதுகாப்புக் கருவியாகவே கருதுகிறேன். பிரபல மென்பொருள்களின் பெயரில் தேடுபொறி விளம்பரங்கள் போலித் தளங்களுக்கு அழைத்துச் செல்வதைக் குறிப்பிட்டு, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே இத்தகைய தடுப்பானைப் பரிந்துரைத்தது.

புதுப்பிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே 12 அன்று பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாத நிரல்களில்தான் கவனம் தேவை. சுருக்கிய கோப்புகளைத் திறக்கும் வின்ரார் அப்படிப்பட்டது, 2023இல் தாக்குதலுக்குப் பயன்பட்ட அதன் ஓட்டை 6.23ஆம் பதிப்பில் அடைக்கப்பட்டது, ஆனால் பயனர் தாமே சென்று நிறுவினால்தான் அது வந்து சேரும். அத்தகைய நிரல்களின் பட்டியலை வைத்து மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

காப்புநகலுக்கு இரண்டு வெளி வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். நகல் முடிந்தவுடன் கழற்றிவிடுகிறேன். எப்போதும் செருகியிருக்கும் வன்தட்டைப் பணயம் கேட்கும் தீநிரல் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும். மேகச் சேமிப்பு நம் மாற்றங்களை உடனுக்குடன் பின்பற்றுவதால், பூட்டப்பட்ட கோப்புகளையும் அப்படியே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது காப்புநகலாகும்.

மீட்டெடுக்கும் ஒத்திகை ஒன்றை ஆண்டுதோறும் செய்கிறேன். எதுவும் இல்லாத பழைய கணினி ஒன்றில், தொலைபேசியும் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு தொடங்குவேன். இந்த ஒத்திகையில்தான் கருவிகள் ஒன்றையொன்று சார்ந்து வட்டமிடுவது தெரிகிறது. வன்தட்டின் மறையாக்கக் கடவுச்சொல் மேலாளரில் இருக்கிறது. மேலாளர் புதிய கணினியில் திறக்க இரண்டாம் படியைக் கேட்கிறது. அந்த இரண்டாம் படி தொலைந்த தொலைபேசியில் இருக்கிறது. புதிய தொலைபேசியில் அதை மீட்கத் தேவையான மின்னஞ்சல் கடவுச்சொல் மீண்டும் மேலாளரில் இருக்கிறது. வட்டத்தை உடைக்க எல்லாவற்றுக்கும் வெளியே ஏதேனும் இருக்க வேண்டும். என் ஏற்பாட்டில் அது, முதன்மைக் கடவுச்சொல், மேலாளரின் மீட்புக் குறியீடு, மின்னஞ்சல் கணக்கின் மீட்புக் குறியீடுகள் ஆகியவற்றைக் கையால் எழுதிய ஒரு தாளும் மாற்றுச் சாவியும் உள்ள ஒட்டிய உறை. என் குடும்பத்தில் ஒருவருக்கு அது இருக்கும் இடமும் அதைத் திறந்தபின் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதும் தெரியும். கடந்த ஒத்திகையை அவரே, நான் அருகில் இல்லாமல், முழுமையாகச் செய்து முடித்தார்.