விட்பி கோத் சந்தை: உட்புறத்தைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டிய உடைகள்

கறுப்பைத் தன் அடையாளமாகக் கொண்டு, இசையோடு சேர்ந்து வளர்ந்த கோத் பாணியின் உடைகளைப் பிரிட்டனில், அவற்றை வடிவமைத்துத் தைத்தவரிடமே நேரில் பேசி வாங்க விரும்புவோருக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் விட்பி. வட யார்க்ஷயர் கடற்கரையில், எஸ்க் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் இந்தச் சிறு துறைமுக ஊரில் ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலில் ஒன்றும் ஹாலோவீனை ஒட்டி ஒன்றுமாக, கோத் வார இறுதி விழா கூடுகிறது. இசை நிகழ்ச்சிகளுக்காக வருவோர் ஒரு பக்கம் இருக்க, விழாவையொட்டி மண்டபங்களில் விரியும் உடைச் சந்தைக்காகவே கிளம்பி வருவோரும் ஏராளம். வெல்வெட் கோட்டுகள், இடுப்பை இறுக்கிக் கட்டும், எஃகுப் பட்டை வைத்த கார்செட்டுகள், லேஸ் அடுக்கிய நீளப் பாவாடைகள், வலை தொங்கும் சிறு தொப்பிகள், வெள்ளீய நகைகள் என்று அங்கே கிடைக்காத பொருள் குறைவு. முதல் தரமான கைவேலையும் இருக்கிறது. கைவேலை என்ற பெயரில் வரும் மலிவான தொழிற்சாலைச் சரக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் உடையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் கோணல் தையலையும் மட்டமான துணியையும் கறுப்பைப் போல மறைக்கும் நிறம் வேறில்லை.

இந்த ஊர் கோத் மக்களின் ஊரானதற்குக் காரணம் உண்டு. பிராம் ஸ்டோக்கர் 1890-இல் இங்கே தங்கியிருந்தபோது எடுத்த குறிப்புகள் 1897-இல் வெளிவந்த அவருடைய இரத்தக் காட்டேரிக் கதையான டிராகுலா நாவலுக்குள் சென்றன. கிழக்குக் குன்றின்மேல் இடிந்து நிற்கும் மடாலயமும், குன்றின் மேலே ஏறிச் செல்லும் 199 படிகளும் அதனால் உலகறிந்தன. ஜோ ஹாம்ப்ஷயர் 1994-இல் தம் பேனா நண்பர்கள் ஏறக்குறைய நாற்பது பேரை இங்கே ஒன்றுகூட்டியதே விழாவின் தொடக்கம். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அதே யார்க்ஷயரின் லீட்ஸ் நகரமும், லண்டன் சோஹோவில் 1982-இல் திறந்த பேட்கேவ் இரவு விடுதியும் கோத் இசையும் தோற்றமும் உருவான இடங்களாக இருந்தன. அந்நாளில் இந்தப் பாணி உடைகளை விற்கும் கடைகள் மிகக் குறைவு என்பதால், பழந்துணிக் கடையில் வாங்கிய மேலாடைகளைப் பிரித்து, சாயம் தோய்த்து, லேஸ் வைத்துத் தாமே தைத்துக்கொண்டார்கள். இன்று விட்பியில் மேசை விரித்திருக்கும் வடிவமைப்பாளர்களில் பலர் அப்படித் தமக்காகத் தைக்கத் தொடங்கிப் பிறகு பிறருக்கும் தைக்க வந்தவர்கள். துணியைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்து பேசுகிறார்கள்.

முதலில் கார்செட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தைப்பவரின் திறமை முழுவதும் வெளிப்படுவது அதில்தான். வெளித்துணி சாட்டினாகவோ புரோகேடாகவோ எவ்வளவு பளபளத்தாலும் உடலின் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் துணி. நல்ல கார்செட்டில் அது மீன்முள் வடிவில் நெருக்கமாக நெய்த, இழுத்தாலும் நீளாத பருத்தித் துணியாக இருக்கும். மலிவான சரக்கில் மெல்லிய பாலியஸ்டர் லைனிங்கோடு முடித்துவிடுவார்கள், சில முறை இறுக்கிக் கட்டியதும் தையலோரத்தில் நூல் விலகத் தொடங்கிவிடும். அடுத்து, உள்ளே செருகியிருக்கும் பட்டைகள். வளைவுகளில் சுருள் எஃகும், முன்கொக்கியை ஒட்டியும் பின்புறக் கயிறு ஓடும் இடத்திலும் தட்டை எஃகும் வைப்பது முறை. சுருள் எஃகு எல்லாப் பக்கமும் வளைந்துகொடுக்கும், தட்டை எஃகு கயிற்றை இறுக்கும்போது துணி சுருங்காமல் நிமிர்த்திப் பிடிக்கும். பிளாஸ்டிக் பட்டை வைத்திருந்தால் உடற்சூட்டில் இடுப்பருகே மடங்கி, பிறகு நிமிராமல் விலாவைக் குத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு மேசையில் நான் பார்த்த கார்செட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளியே பார்க்க அடக்கமான கறுப்புப் பருத்தி, ஓரத்தில் துணியை உருட்டித் தைத்த ஒரு வரி பைப்பிங், வேறு அலங்காரமே இல்லை. உள்ளே திருப்பினால், இடுப்பு மிகக் குறுகும் இடத்தில் உறுதியான நாடா ஒன்று எல்லாத் துண்டுகளையும் குறுக்கே இணைத்து ஓடியது. இழுவை முழுவதையும் அந்த நாடா ஏற்றுக்கொள்வதால் தையல்கள் பிரியா. கயிறு கோக்கும் உலோகத் துளைகளான பின்புற ஐலெட்டுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் வளையம் வைத்து அழுத்தியிருந்ததால் பின்பக்கமும் வழவழப்பாக இருந்தது, கயிறு அறுபடும் கூர்முனை ஒன்றுகூட விரலில் தட்டுப்படவில்லை. பட்டை ஓடும் குழல்களின் தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. தைத்தவர் அதை மேசையில் நிறுத்திக் காட்டினார். தானாகவே உருவம் கலையாமல் நின்றது. இருநூறு பவுண்டுக்கு மேல் விலை சொன்னார், அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். அளவெடுத்து, தாளில் வெட்டி, மாதிரித் துணியில் தைத்துப் பார்த்து, பிறகு உண்மைத் துணியில் கை வைக்கும் வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவருக்கு மிஞ்சும் கூலி பெரிதாக இருக்க வாய்ப்பில்லை.

கறுப்புச் சாயத்தைப் பற்றியும் வாங்குவோர் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துக்க உடைகளுக்கான கறுப்பு பெரும்பாலும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த லாக்வுட் மரத்திலிருந்து எடுக்கப்பட்டது. செயற்கைச் சாயமான அனிலைன் கறுப்பு 1860-களில் வந்தது. இன்றைய செயற்கைச் சாயங்கள் எவ்வளவோ மேம்பட்டிருந்தாலும் ஆழ்ந்த கறுப்புக்குச் சாயம் மிகுதியாக ஏற்ற வேண்டியிருப்பதால், துணியைச் சரியாக அலசாமல் விட்டால் மேலே தங்கிய சாயம் தோலிலும் உள்ளாடையிலும் ஒட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் உட்புற மடிப்பு ஒன்றைத் தேய்த்துப் பார்க்கலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். தம் துணியை அறிந்தவர் மறுக்கமாட்டார். மண்டப விளக்கில் எல்லாக் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்பதால், மேலாடையும் பாவாடையும் சேர்த்து வாங்கும்போது சன்னலோரம் எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். ஒன்று நீலம் பாய்ந்த கறுப்பாகவும் மற்றொன்று பழுப்பு கலந்த கறுப்பாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து அழுக்கான தோற்றம் தரும்.

சந்தையின் பெரிய குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனி வடிவமைப்பாளர் என்ற அட்டையை வைத்துக்கொண்டு மொத்த வியாபாரிகளிடம் வாங்கிய உடைகளை விற்போர் அங்கே இருக்கிறார்கள். வௌவால் சிறகு ஓரம் வெட்டிய ஒரே மேலாடை வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். மலிவு உடை விற்பதில் தவறில்லை; முதன்முதலாக இந்தப் பாணியை முயன்று பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கைக்கெட்டும். ஆனால் கைவேலை என்று சொல்லி அதன் விலையை உயர்த்துவது, அருகிலேயே இரவு பகலாகத் தைத்துக் கொண்டுவந்திருப்பவரின் வயிற்றில் அடிக்கும் செயல். இந்தத் துண்டை எந்த அளவு வரை தைத்துத் தருவீர்கள், கை நீளத்தை மாற்ற முடியுமா, லைனிங்கைப் பருத்தியில் போட முடியுமா என்று மூன்று கேள்வி கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். தைத்தவர் உடனே அளவு நாடாவை எடுப்பார். வாங்கி விற்பவர் இருக்கும் அளவுகளை மட்டுமே திரும்பச் சொல்வார்.

நான் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்ட கம்பளிக் கோட்டு இந்தச் சந்தையில் பேசி முடிவானதுதான். நம் ஊரில் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வருவது போல எளிதில் முடியவில்லை. தைப்பவர் என்னை நிற்க வைத்தும் உட்கார வைத்தும் கையை உயர்த்தச் சொல்லியும் அளந்தார், இரு தோள்களுக்கும் தனித்தனியே அளவு குறித்துக்கொண்டார். அஞ்சலில் வந்த கோட்டின் லைனிங் அடியோரத்தில் கையால் கண்ணுக்குத் தெரியாமல் பிடித்துத் தைக்கப்பட்டிருந்தது; பைகளின் உட்புறம் வழுக்கும் துணியாக இல்லாமல் உறுதியான பருத்தியாக இருந்தது; பக்கத் தையல்களில், பின்னாளில் உடல் பருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளும் அளவுக்குத் துணி விட்டிருந்தார். பெரிய கடைகளின் ஆயத்த உடையில் இப்படித் துணி விடுவது மிக அரிது, ஏனெனில் அந்த உடை பத்தாண்டு உடுத்துவதற்காகத் தைக்கப்படுவதில்லை. முடித்துத் தரச் சொன்ன நாளைவிடச் சில வாரம் தாமதமானது உண்மை. ஒருவராகவே வெட்டித் தைப்பவரிடம் வாங்கும்போது அந்தப் பொறுமை தேவை. திருமணம் போன்ற குறித்த நாளுக்காக வாங்குவோர் நிறைய அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உலோக நகைகளில் வெள்ளீயக் கலப்பு வேலைகள் தரமாக உள்ளன. லெஸ்டர் நகரில் 1977-இல் தொடங்கிய ஆல்கெமி நிறுவனத்தின் வடிவங்கள் பரவலாகக் கிடைக்கும். காலணிகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை; பெரும்பாலும் வெளியில் கிடைக்கும் அதே வகைகள்தாம்.

ஜெட் நகைகளோ விட்பிக்கே உரியவை, அவற்றுக்காகச் சந்தை மண்டபத்தை விட்டு இறங்கித் துறைமுகப் பாலத்தைக் கடந்து சர்ச் தெருவுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்த மரம் இறுகிக் கறுத்து உருவான பொருள் ஜெட். இந்தக் கரையின் பாறைகளிலிருந்து அது உதிர்கிறது. தம் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1861-இல் மறைந்தபின் விக்டோரியா அரசி துக்க நகையாக ஜெட்டை அணிந்ததால் அதன் தேவை பெருகி, 1870-களின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தொழிலில் இருந்தார்கள். சர்ச் தெருவில் உள்ள ஜெட் மரபு மையத்தில் விக்டோரியா காலத்துப் பட்டறை ஒன்றை அப்படியே காணலாம். உண்மை ஜெட் கையில் எடுத்தால் எதிர்பாராத அளவுக்கு இலேசாக இருக்கும், தொட்டால் சில்லென்று இராது. கறுப்புக் கண்ணாடியில் செய்த போலி கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரில் செய்த பழைய போலிகள் வெயிலில் பழுப்பேறியிருக்கும். ஜெட் செதுக்கப்படுவது, ரப்பர் அச்சில் வார்க்கப்படுவது. எனவே உடையில் குத்திக்கொள்ளும் புரோச்சின் பின்பக்கத்தில் அச்சு இணைந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

விற்பவர்களின் பழக்கவழக்கம் இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தது. வண்ணச் சட்டையோடு வந்தவரையும் முழு விக்டோரியா அலங்காரத்தில் வந்தவரையும் ஒரே மாதிரி மதித்துப் பேசுகிறார்கள். பருமனான உடலுக்கு எது பொருந்தும் என்பதை மனம் நோகாமல் சொல்கிறார்கள். இந்தப் பாணியில் உடுத்துவது வெறும் விளையாட்டன்று என்பது அவர்களுக்குத் தெரியும். சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண் 2007-இல் லங்காஷயரின் பேக்கப் ஊரில், கோத் தோற்றத்துக்காகவே தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்கு இந்த விழா தொடர்ந்து துணை நிற்கிறது, அறக்கட்டளையின் கறுப்புக் கைப்பட்டையைப் பலர் அணிந்திருப்பதைக் காணலாம். இத்தகைய தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை 2013-இல் முன்வந்தது.

போகத் திட்டமிடுவோர் தேதிகளை முன்கூட்டியே உறுதிசெய்து, அறையை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும், ஊர் சிறியது. மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக வரும் ரயில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், நாளுக்குச் சில முறையே ஓடும்; லீட்ஸிலிருந்தும் யார்க்கிலிருந்தும் 840 எண் பேருந்து வருகிறது. கடற்காற்று பலமாக வீசும் என்பதால் அகலத் தொப்பியை ஊசி குத்தி நிறுத்துங்கள். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை பொதுவாக உண்டு. நேரில் பார்த்து வாங்கியதற்கும், அளவு கொடுத்துத் தைத்ததற்கும் அந்த உரிமை இல்லை. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் துணி, லைனிங், முடித்துத் தரும் நாள், பொருத்தம் சரியில்லையென்றால் திருத்தித் தரும் செலவு யாருடையது ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தையற்காரர்கள் கேட்காமலே எழுதித் தருகிறார்கள்.