பத்து வருடமாக ஒரு கல்லறைக்குக் காத்திருக்கிறேன்

"நீ பார்க்கிற அந்த மெக்சிகோ அகழாய்வுச் செய்திகளை நானும் பின்தொடரலாமா?" என்று நண்பன் கேட்டான். காம்பெச்சே காட்டுக்குள் வலேரியானா என்ற மாயா நகரம் கிடைத்ததாக 2024இல் வந்த செய்தியை இப்போதுதான் படித்திருக்கிறான். 2013இல் காட்டின் கரிமத்தை அளக்க வானிலிருந்து எடுத்த லைடார் (லேசர் ஒளியால் தரையை அளக்கும் முறை) தரவை ஓர் ஆய்வு மாணவர் இணையத்தில் தேடி எடுத்ததில் தெரியவந்த ஊர் அது, மண்வெட்டியே படவில்லை என்றதும் அவன் முகம் சுருங்கியது.

நான் மாட்டிக்கொண்டது மெக்சிகோ நகரில் உள்ள பழைய அஸ்டெக் பெருங்கோயிலான டெம்ப்லோ மயோரின் அகழாய்வில். 2006 அக்டோபரில் அங்கே சுமார் 12 டன் எடையுள்ள நிலத்தெய்வச் சிற்பம் கிடைத்தது. அதில் '10 முயல்' என்ற ஆண்டுக்குறி இருந்தது. நம் கணக்கில் 1502, அஸ்டெக் மன்னர் அவிட்சோட்ல் இறந்த வருடம். அப்படியானால் கல்லறை பக்கத்தில்தான்!

நான் இந்தச் செய்திகளைப் பின்தொடரத் தொடங்கியது 2015இல். அன்றிலிருந்து "கல்லறை நெருங்கிவிட்டது" என்ற தலைப்பு எத்தனை முறை வந்துவிட்டது! 2019இல் ராத்தூக்கம் கெட்டது. உள்ளே போய்ப் படித்தால், தெய்வத்துக்கென்று புதைத்த இன்னொரு காணிக்கைப் பெட்டி. தோண்டுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அகழாய்வை நடத்தும் லோபெஸ் லுஹானின் குழு ஒரே பெட்டியோடு மாதக்கணக்கில், அடுக்கு அடுக்காக உட்கார்ந்திருக்கும். அவசரமெல்லாம் தலைப்பு எழுதுகிறவர்களுக்குத்தான்.

ஸ்பானிய அறிக்கைகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிப்பது தனி வேதனை. அஸ்டெக்குகள் மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் குவாத்தமாலா நாட்டில் கிடைத்தது என்று இரண்டு பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அறிக்கையில் இருந்த குவாத்தமாலா, மெக்சிகோ நகரில் ஒரு தெருவின் பெயராம்!

ஆனால் அந்தக் காணிக்கைப் பெட்டிகளில் ஒன்றை மறக்க முடியவில்லை. ஒரு ஜாகுவார், கூடவே 164 நட்சத்திர மீன்கள். அந்த மீன்கள் பசிபிக் கரையிலிருந்து மலைமேல் நகரம் வரை வந்தவை. பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. அடியில் முதலில் வைத்த ஒன்று மட்டும், மேலே கிடந்த ஜாகுவாரின் பாரத்தில் அழுந்தி, ஐந்து கைகளின் தடத்தையும் அப்படியே விட்டுச் சென்றிருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மீனின் அச்சு. கல்லறையாவது ஒன்றாவது என்று ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பொறுமை இல்லாதவன், நேரம் வீண். அப்புறம் ராத்திரி அந்த மீன் தடத்தின் படத்தை அனுப்பிவைத்தேன்.