ஆபீஸ் முழுக்க ஒரே மணி: குரோனியும் ராஸ்பெரி பையும், ஆறு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 22 கம்ப்யூட்டர்கள், இரண்டு கேமரா டிவிஆர், மூன்று கைரேகை மெஷின்கள், பேக்கப்புக்கு ஒரு லினக்ஸ் சர்வர். 2019 முதல் இத்தனைக்கும் மணி சொல்வது ஒரு ராஸ்பெரி பை 3 (சுருக்கமாக 'பை'), உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது, கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி என்ற மென்பொருள்.

செக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவுக்கு அரை நாள் சம்பளம் பிடித்ததில்தான் இது தொடங்கியது. ஷிப்ட் எட்டரைக்கு. கைரேகை மெஷினில் 8:33 என்று பதிவு. வாசல் கேமராவிலோ அவர் 8:18க்கே உள்ளே வருகிறார். "பதினைந்து நிமிஷம் எங்கே நின்று பேசிக்கொண்டிருந்தாய்?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "சங்கு ஊதறதுக்கு முன்னாலயே வந்து கை வெச்சுட்டேனுங்க தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

செல்போனில் விநாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து வாசல் கேமராவின் முன் பிடித்தேன். டிவிஆர் 6 நிமிடம் பின்னால் இருந்தது. அதே போனை கைரேகை மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது 9 நிமிடம் முன்னால். அக்கா வந்தது 8:24க்கு. வந்தவுடனே விரலை வைத்திருக்கிறார். சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை பேருக்கு இப்படிப் போயிற்றோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

மெஷின் கெட்டுப்போகவில்லை. கடிகாரத்தை ஓட்டும் சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி ஆகிவிடும். வருடத்துக்குப் பத்து நிமிடம். யாரும் தொடாமல் விட்ட எந்தக் கடிகாரமும் அங்கேதான் போய் நிற்கும்.

இணையத்தில் நேரம் வாங்கும் என்டிபி முறை 1980களிலிருந்து இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. கேள்வி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் என்று நான்கையும் வைத்து, வழியில் ஆன தாமதத்தைக் கழித்துவிடுகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நேராக இணையத்தில் கேட்கவைக்கலாம்தான். ஆனால் எங்கள் லைன் அடிக்கடி போகும். அப்போதும் ஆபீஸுக்குள் எல்லாம் ஒரே மணியில் இருக்க வேண்டும். அதனால்தான் நடுவில் ஒரு பை.

குரோனியை எடுத்ததற்கும் காரணம் அதுதான். நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் அது நன்றாக ஓடும். படிகம் எவ்வளவு பிசகுகிறது என்று ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, லைன் இல்லாத நேரத்தில் அந்தக் கணக்கில் ஓட்டும். சின்ன வித்தியாசமாக இருந்தால் கடிகாரத்தைக் குதிக்க விடாமல் மெதுவாக இழுத்துச் சேர்க்கும். பை நேரம் கேட்பதற்கு இணையத்தில் நான்கு சர்வர்கள் கொடுத்திருக்கிறேன். இரண்டு மட்டும் இருந்து இரண்டும் வேறு வேறு மணி சொன்னால் எதை நம்புவது? கம்ப்யூட்டர் கடிகாரங்களை அரசு நேர சர்வர்களோடு ஒத்துவைக்கச் சொல்லி, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு 2022 ஏப்ரலில் வந்த பிறகு, அதில் ஒன்றாக புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரைச் சேர்த்தேன். இந்திய நேரத்தைப் பராமரிப்பதே அவர்கள்தான்.

விண்டோஸில் ஒன்றைக் கவனியுங்கள். டொமைனில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே சர்வரின் கீழ் கட்டும் அமைப்பு) சேராத கம்ப்யூட்டரில் டைம் சர்வீஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. சர்வர் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, சர்வீஸை ஆட்டோமேட்டிக்காகவும் மாற்ற வேண்டும். டிசைனர் ஒருவரின் கம்ப்யூட்டர் தினமும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியே நின்றது. அதில் லினக்ஸும் இருந்தது. கம்ப்யூட்டர் போர்டில் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படித்திருக்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரம் எழுதவைத்ததும் சரியாயிற்று.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் அது நடக்கக் கூடாது. ராஸ்பெரி பை 3ல் பேட்டரி கடிகாரம் கிடையாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் எழுந்திருக்கும். நெட் இல்லாவிட்டாலும் மணி சொல்லட்டும் என்று 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' என்ற வரியை நான் போட்டிருந்தேன். 2021ல் ஒரு மழை நாளில் யுபிஎஸ்ஸும் தாங்காமல் இரண்டே முக்கால் மணி நேரம் கரன்ட் போனது. திரும்பி வந்தபோது நெட் வரவில்லை. பை எழுந்து, பழைய நேரத்தையே சரியான நேரம் என்று எல்லோருக்கும் சொன்னது. தங்கள் போர்டு பேட்டரியால் சரியாக எழுந்திருந்த கம்ப்யூட்டர்களும் அதை நம்பிப் பின்னால் போய்விட்டன. அன்று மதியம் போட்ட பில்களெல்லாம் காலை நேரத்தோடு நின்றன. ஒவ்வொன்றாகத் திருத்த எனக்கும் கணக்குப் பிரிவுக்கும் இரண்டு நாள் ஆனது.

அந்த வாரமே டிஎஸ்3231 என்ற சின்ன கடிகார மாட்யூல் வாங்கிப் பையின் பின்களில் செருகினேன். சிஆர்2032 பேட்டரியில் ஓடும். சூட்டுக்குத் தக்கபடி தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பிசகினாலும் வருடத்துக்கு ஒரு நிமிடம்தான். இது இல்லாமல் அந்த 'லோக்கல்' வரியைப் போடாதீர்கள். புதிய பை 5ல் கடிகாரம் போர்டிலேயே உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

இன்றைய நிலைமை: லினக்ஸ் சர்வர் பையோடு ஒரு மில்லிவிநாடிக்குள் நிற்கிறது. விண்டோஸ் இன்னும் கொஞ்சம் ஆடும், எங்கள் வேலைக்கு அது போதும். டிவிஆர்கள் மணிக்கொரு தரம் பையைக் கேட்கின்றன. ஒரு கைரேகை மெஷினில் மட்டும் என்டிபி வசதியே இல்லை. அதன் மென்பொருள் வழியாக தினமும் இரவு கம்ப்யூட்டரின் நேரத்தை அதற்கு அனுப்பிவிடுகிறேன். திங்கள்கிழமை காலையில் செல்போனோடு வாசல் கேமராவின் முன் நிற்பதை இன்னும் விடவில்லை.

சங்கு மட்டும் தனியாக இருந்தது. காவலாளி அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஸ்விட்ச் போடுவார். இந்த வருடம் ஒரு ரிலே (பை சொன்னால் தானே போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) வைத்து அதையும் பையோடு சேர்த்துவிட்டேன். விடுமுறை நாளில் ஊதாமலிருக்கப் பட்டியலை நான்தான் முன்கூட்டியே ஏற்றிவைக்க வேண்டும். தீபாவளி வரைக்கும் ஏற்றியாயிற்று.