புதுப்பேட்டைப் பட்டறையில் என் பழைய புல்லட்

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. என்ற அளவுள்ள என் புல்லட் பைக்கின் 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சினைச் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் கொடுத்தேன். வேகம் கூட வேண்டும் என்றே நான் கேட்டேன். மெக்கானிக்கோ, பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருந்த மிதக்கும் புஷ்ஷை (தளர்வாகச் சுழலும் உலோக வளையத்தை) நீக்கி, உருளைகள் கொண்ட ரோலர் பேரிங் பொருத்தி, ஆயில் பம்பையும் கூடுதல் திறனுள்ளதாக மாற்றிய பிறகே, சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி 0.5 மி.மீ. பெரிய பிஸ்டனைப் போட ஒப்புக்கொண்டார். அந்தப் பிஸ்டனால் கூடியது ஏறத்தாழ 5 சிசிதான். தேய்ந்த சிலிண்டரில் கசிந்துகொண்டிருந்த கம்ப்ரஷன் (பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) மீண்டதே உண்மையான பலன். இப்போது கத்திப்பாரா மேம்பாலத்தில் இருவராக ஏறினாலும் கியரைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் இழுத்தடித்ததையும், துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தந்ததையும் மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.