வேர்டும் திரை வாசிப்பானும்: பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் அனுபவம்

எனக்குப் பார்வை இல்லை. தமிழிலும் மலாயிலும் வரும் வேர்ட் கோப்புகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் திரை வாசிப்பான். பல வருடங்களாக என்விடிஏ என்ற திரை வாசிப்பானைத்தான் பயன்படுத்துகிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. காசு கொடுத்து வாங்கும் ஜாஸும் நல்லதுதான். ஆனால் வேர்டுக்கு எனக்கு இதுவே போதும். என் புகாரெல்லாம் கோப்பைத் தயாரிப்பவர்கள் மேல்தான்.

முதல் தலைவலி எழுத்துரு. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த இந்த மலேசியாவிலேயே, இன்னும் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். அவர்கள் திரையில் ‘வணக்கம்’ என்று அழகாகத் தெரியும். அடியில் இருப்பதோ டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன். என் காதில் விழுவதும் அந்த உளறல்தான். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடில் இருந்தால், விண்டோஸில் உள்ள ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரல் ஒழுங்காக வாசித்துவிடும். மலாய்ப் பத்திக்கு வேர்டில் மொழி குறிக்காவிட்டால் அதை ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பும், அது வேறு கதை.

அடுத்தது தலைப்புகள். ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. தலைப்புகளையெல்லாம் தடித்த எழுத்தில் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு அது தலைப்பு. என்விடிஏவுக்கு அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். பொருளாளர் அறிக்கையைத் தேடி வரிவரியாக இறங்க வேண்டியிருந்தது. அந்த வரியில் கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உண்மையான தலைப்பாகிவிடும். அப்புறம் நான் என்விடிஏ விசையோடு ஸ்பேஸைத் தட்டி உலாவும் நிலைக்குப் போய், எச் விசையை அழுத்தியே ஒவ்வொரு தலைப்பாகத் தாவலாம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில், பார்வையற்றவர்கள் தடவி வழி அறியப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள் மாதிரிதான் இந்தத் தலைப்புகள். அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குச் சமம், கூட்டத் தேதியை மிதக்கும் டெக்ஸ்ட் பாக்ஸில் போடுவது. வாசிப்பு அதைத் தாண்டிப் போய்விடும், தேதி எனக்குத் தெரியவே தெரியாது. சாதாரண வரியில் எழுதினால் என்னவாம்?

அட்டவணையில் செல்களை இணைக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கண்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்தி அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நடந்துவிடுவேன். ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கிய கணக்கு என்றால், எந்தத் தொகை எந்தச் செலவுக்கு என்று கடவுளுக்கே வெளிச்சம்.

வேர்டின் ‘ரிவியூ’ பகுதியில் அணுகல் சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் மாற்று உரை இல்லையென்றால் அது சொல்லும். எழுதிய உரை படத்துக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. தலைவர் மாலை வாங்கும் படத்துக்கு ‘படம்’ என்று எழுதி என்ன பயன்?

கடைசியாக பிடிஎஃப். வேர்டிலிருந்து ‘சேவ் ஆஸ்’ வழியாக, கட்டமைப்புக் குறிச்சொற்கள் சேர்க்கும் தெரிவோடு சேமித்தால் தலைப்புகள் கூடவே வரும். ‘பிரிண்ட்’ வழியாகப் போனால் அவை தொலைந்துவிடும். அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினால் எனக்கு அது வெறும் படம். அந்தச் சங்கத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அறிக்கையில் இப்போது தலைப்புகள் சரியாக வருகின்றன. கணக்கு மட்டும் இன்னும் ஸ்கேன்தான்.