வயரை வெட்டாமல் கரண்ட் அளக்க: எஸ்சிடி-013 கிளாம்ப் சென்சார்

இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் பில் எப்படி எகிறும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எது இவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான் இந்த சென்சாரை வாங்கி, ஈஎஸ்பி32 என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டோடு சேர்த்து டிபி பாக்ஸில் (வீட்டு எம்சிபி, ஃபியூஸ் எல்லாம் இருக்கும் பெட்டி) மாட்டினேன். எட்டு மாதமாக ஓடுகிறது.

பிடித்த விஷயம், வயரை எங்கேயும் வெட்ட வேண்டாம். நண்டுக் கொடுக்கு மாதிரி திறந்து ஃபேஸ் வயரைக் கவ்வவிட்டால் வேலை முடிந்தது. வயரில் 100 ஆம்ப் போனால் இதிலிருந்து 50 மில்லி ஆம்ப் வரும். ஏசிஎஸ்712 என்ற இன்னொரு கரண்ட் சென்சார் விலை குறைவுதான், பேட்டரி மாதிரி டிசி கரண்டையும் அளக்கும் (இது அளக்காது), ஆனால் அதற்கு லைனையே வெட்டி ஒரு குட்டி போர்டின் ஸ்குரூவில் முறுக்க வேண்டும். கீசர் லைனை அதில் விட எனக்கு மனசு வரவில்லை.

முதல் நாள் கூத்து: ஃபேஸ், நியூட்ரல் எல்லாம் உள்ள மொத்த வயரையும் கவ்வவிட்டு, ரீடிங் ஏன் பூஜ்யம் என்று முழித்துக்கொண்டிருந்தேன். டிபியைத் திறந்துகொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "போறதும் வர்றதும் ஒண்ணா இருந்தா என்ன தம்பி மிஞ்சும்?" என்று சிரித்தார்.

வாங்கும்போது சென்சாரின் உடம்பில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 000 மாடலில் 100 ஆம்ப், 50 மில்லி ஆம்ப் என்று இருக்கும், அதற்கு பர்டன் ரெசிஸ்டர் (வரும் கரண்டை போர்டு படிக்கும் வோல்டேஜாக மாற்றுவது) நாம்தான் போட வேண்டும், 3.3 வோல்ட் போர்டுக்கு 22 ஓம் சரியாக வரும். 030 மாடலில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது, 30 ஆம்புக்கு 1 வோல்ட் கொடுக்கும். நான் 000 கேட்டேன், ஆன்லைன் கடைக்காரர் 030 அனுப்பினார், அதைப் பார்க்காமல் மேலே இன்னொரு 22 ஓம் போட்டு எல்லாம் குறைவாகக் காட்டுகிறதே என்று ஒரு சாயங்காலம் முழுக்க போர்டில் ஓடும் புரோகிராமைத் திட்டினேன். மாற்றித் தர பதினோரு நாள் இழுத்தடித்தார்கள்.

000-ஐ வயரில் மாட்டியபடி ஜாக்கைப் பிடுங்கினாலும் பயமில்லை, உள்ளே பாதுகாப்பு டயோடு இருக்கிறது. சப்ஸ்டேஷனில் இதே வேலை செய்யும் பெரிய சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) அப்படியில்லை, லோடு ஓடும்போது அதன் செகண்டரி, அதாவது வெளியே வரும் சுற்றின் இணைப்பு, திறந்துகொண்டால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும்.

துல்லியம்? 2000 வாட் கீசர் 8.7 ஆம்ப் காட்ட வேண்டும், 7.9தான் காட்டியது. சென்சார் மேல் சந்தேகப்பட்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் வீட்டுக்கு வருவதே 210 வோல்ட்! கணக்கு அப்படியே பொருந்தியது. அதனால் வாட் வேண்டுமென்றால் வோல்டேஜையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள், 230 என்று எழுதிவைத்தால் பொய்தான் வரும்.

சின்ன லோடில்தான் கோட்டை விடுகிறது. 0.04 ஆம்ப் போனால் 22 ஓமில் கிடைப்பது 0.44 மில்லி வோல்ட், ஈஎஸ்பி32-இல் வோல்டேஜை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசியில் ஒரு படியே 0.8 மில்லி வோல்ட், அப்புறம் எங்கே தெரியும்? நைட் லேம்ப்பை எல்லாம் இதில் தேடாதீர்கள். ஃபிரிட்ஜ் லைனுக்கு மட்டும் வயரை ஐந்து சுற்று உள்ளே விட்டு ரீடிங்கை ஐந்தால் வகுத்துக்கொண்டேன், நன்றாக வேலை செய்தது. குற்றவாளியும் அந்த ஃபிரிட்ஜ்தான். கதவு ரப்பர் தேய்ந்து கம்ப்ரஸர் ராத்திரியெல்லாம் நிற்காமல் ஓடியிருக்கிறது, நாங்கள் பாவம் கீசரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மாடி லைனுக்கும் இன்னொன்று வாங்கப்போகிறேன், இந்த முறை வேறு கடையில்.