பிரெஞ்சு மரபுத்தொடர்களும் என் மூன்று துணைகளும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அன்றாடப் பிரெஞ்சுப் பேச்சில் வரும் மரபுத்தொடர்களைக் கற்பதற்குச் சில ஆண்டுகளாக நான் விடாமல் பயன்படுத்திவருபவை மூன்று: ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலி, ‘த்ரெஸோர் த லா லாங் ஃப்ரான்ஸேஸ்’ பேரகராதியின் இணையப் பதிப்பு, பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்எஃப்ஐ. லியோனில் பிரெஞ்சுக்காரர்களோடு வேலை செய்யும் எனக்கு, ஒரு தொடரின் பொருளைத் தெரிந்துகொள்வது எளிய பகுதியாகவே இருந்தது. அதை யாரிடம் சொல்லலாம், எந்த வாக்கிய அமைப்பில் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நெடுங்காலம் பிடித்தது. இந்த மூன்றையும் அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

ஆங்கியைக் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். 2023இல் வெளிவந்த 23.10 பதிப்பில் சேர்க்கப்பட்ட புதிய கணக்கீட்டு முறை, நாம் மறக்கும் வேகத்தைக் கணித்து அட்டைகளை இடைவெளி விட்டுக் காட்டுகிறது. அதற்கு மாறிய பின் எனக்குத் தினசரிச் சுமை குறைந்தது. ஆனால், பிறர் செய்து பகிரும் அட்டைத் தொகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் வேடிக்கையான தொடர்களே மிகுதியாக இருக்கும். ‘தோம்பே தான் லே பொம்’, அதாவது ஆப்பிள்களுக்குள் விழுவது என்பதற்கு மயங்கி விழுவது என்று பொருள். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அலுவலகத்தில் யாரும் தினமும் மயங்கி விழுவதில்லை. நாள் முழுதும் காதில் விழுபவை ‘ஸா மார்ஷ்’ (சரி, ஆகட்டும்), ‘லெஸ் தோம்பே’ (விட்டுத் தள்ளு), ‘ஜே லா ஃப்ளெம்’ (செய்யச் சோம்பலாக இருக்கிறது) போன்ற நிறமற்ற தொடர்கள்தாம்.

ஆகவே அட்டைகளை நானே செய்கிறேன். தொடரைத் தனியே எழுதாமல், காதில் விழுந்த முழு வாக்கியத்தையும் எழுதி, நடுவில் இடம் விடுகிறேன். ‘கடலையே குடிக்கச் சொல்லவில்லையே’ என்ற பொருளில் வரும் ‘ஸே பா லா மேர் ஆ ப்வார்’, ஒரு வேலை அப்படியொன்றும் கடினமில்லை என்று சொல்லப் பயன்படுகிறது. அது வழக்கமாக எதிர்மறையில்தான் வரும். வெறும் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த நுட்பம் பிடிபடாது.

மூன்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது அகராதிதான். 1971க்கும் 1994க்கும் இடையே 16 தொகுதிகளாக அச்சில் வந்த இந்த நூல் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பேச்சுவழக்கு, பாமர வழக்கு, குழூஉக்குறி, வழக்கொழிந்துவருவது என்று ஒவ்வொரு தொடருக்கும் அது சுருக்கக் குறியிட்டுக் காட்டுகிறது. அந்தக் குறிகளைப் படிக்கப் பழகுவது தொடக்கத்தில் சலிப்பூட்டும். ஆனாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கது. ‘ஜ மான் ஃபிஷ்’, ‘ஜ மான் ஃபூ’ இரண்டுக்கும் ‘எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை’ என்றே பெரும்பாலான பட்டியல்கள் பொருள் தருகின்றன. முன்னதை நண்பர்களிடையே தாராளமாகச் சொல்லலாம். பின்னது கொச்சையானது, மேலதிகாரியின் முன் சொன்னால் முகம் சுளிப்பார். தொடர்களின் வரலாறும் அங்கே கிடைக்கிறது: வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் ஏமாற்றுவதைக் குறிக்கும் ‘முயலை வைப்பது’ (போஸே அன் லாப்பேன்), 19ஆம் நூற்றாண்டின் குழூஉக்குறியில் ஒரு பெண்ணிடம் சென்றுவிட்டுப் பணம் கொடுக்காமல் நழுவுவதைக் குறித்தது. இன்றைய பேச்சில் அந்த வாடையே இல்லை.

வானொலியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ஆர்எஃப்ஐயின் ‘எளிய பிரெஞ்சில் செய்திகள்’ பத்து நிமிட நிகழ்ச்சி, அதன் எழுத்து வடிவமும் கிடைக்கிறது; செவிப் பழக்கத்துக்கு நல்லது. எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கமாதலால் மரபுத்தொடர்கள் குறைவாகவே வரும். அவற்றைப் பிடிக்க விரும்புவோர் அதே வானொலியின் நேர்காணல்களைக் கேட்பது மேல்.

இந்த முறையால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வெகுவாகக் கூடியது. நானாகப் பயன்படுத்தும் தொடர்கள் இன்னும் கைவிரல்களுக்குள் அடங்குபவைதாம், அதில் எனக்குக் குறையும் இல்லை. அயலவர் வாயிலிருந்து மரபுத்தொடர்கள் அடுக்கடுக்காக வந்தால் எந்த மொழியிலும் நாடகம் போலத்தான் ஒலிக்கும். அடிப்படை இலக்கணம் கைவராதவர்கள், ஐரோப்பிய மொழித்திறன் அளவீட்டில் பி1 எனப்படும் இடைநிலையை எட்டும் வரை, இதில் நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

இளைஞர் பேச்சுக்கு மட்டும் ‘த்ரெஸோர்’ அகராதி உதவாது. ‘லூஷ்’ என்ற சொல்லின் அசைகளைத் தலைகீழாக்கி ‘ஷெலூ’ (சந்தேகத்துக்குரியது, விசித்திரமானது) என்பது போன்ற ‘வெர்லான்’ வழக்குகளை அங்கே தேடுவதில் பயனில்லை. அவற்றுக்கு விக்கிமீடியாவின் பிரெஞ்சு அகராதியான விக்ஸியோனேரைப் பயன்படுத்துகிறேன்.